பிள்ளைகள் நகர்வார்கள், கட்டடம் நகராது: ஃபுளோரிடாவின் பள்ளி வாரியக் கணக்கு

ஃபுளோரிடா மாநில அரசியலமைப்பின்படி ஒரு கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு) என்றால் ஒரு பள்ளி மாவட்டம். மொத்தம் 67. மூன்று லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் உள்ள மயாமி-டேடுக்கும், ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே படிக்கும் லிபர்ட்டிக்கும் ஒரே சட்டம்தான்.

ஒவ்வொரு மாவட்டத்தின் பள்ளிகளுக்கும் பொறுப்பான பள்ளி வாரியத்தில் குறைந்தது 5 உறுப்பினர்கள். மயாமி-டேடில் 9 பேர். கட்சிப் பெயர் இல்லாமல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 4 ஆண்டுகள். கட்சி அடிப்படையில் தேர்தல் நடத்த 2024 நவம்பரில் வந்த திருத்தம், தேவையான 60 சதவீத வாக்கைப் பெறாமல் தோற்றது. அன்றாட நிர்வாகம் கண்காணிப்பாளர் கையில். பெரிய கவுண்டிகளில் அவரை வாரியமே நியமிக்கும். சிறியவை பலவற்றில் அவரும் தேர்தலில் நின்று வருகிறவர்தான்.

உறுப்பினருக்குத் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு தலைமையாசிரியரை அழைத்து "இதைச் செய்" என்று அவர் உத்தரவிட முடியாது. கூட்டத்தில் போடும் வாக்கில் மட்டுமே அதிகாரம். பணியாளர் நியமனத்தைப் பரிந்துரைப்பவர் கண்காணிப்பாளர். தக்க காரணம் காட்டாமல் வாரியம் அதை நிராகரிக்க முடியாது. வாரியத்தின் முன் வரக்கூடிய விஷயத்தை இரண்டு உறுப்பினர்கள் தனியே பேசிக்கொள்வதே, கூட்டங்கள் பொதுமக்கள் முன் நடக்க வேண்டும் என்னும் 'சன்ஷைன்' சட்டப்படி தவறு, குறுஞ்செய்தியில் பேசினாலும்தான். அதனால் நிஜமான விவாதம் வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பார்க்க நடக்கும் பயிலரங்குகளில் நடக்கிறது. வாரியத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வாக்கெடுப்பு இரவை விட்டுவிட்டுப் பயிலரங்குக்குப் போகலாம்.

அங்கே மேசையில் இருப்பது பெரும்பாலும் தலை எண்ணிக்கை. ஆண்டுக்கு இரண்டு முக்கியக் கணக்கெடுப்புகள், அக்டோபரிலும் பிப்ரவரியிலும். கணக்கெடுப்பு வாரத்திலோ அதற்கு முந்தைய ஆறு பள்ளி நாட்களிலோ ஒரு நாளாவது வந்திருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு மாநிலப் பணம். அந்த வாரத்தில் வருகைப் பதிவில் கோட்டைவிட்டால் நேரடி நஷ்டம்.

அடுத்த ஆண்டு எத்தனை பேர் வருவார்கள்? போன ஆண்டு மூன்றாம் வகுப்பில் 1,000 பேர், இந்த ஆண்டு நான்காம் வகுப்பில் 1,030 பேர் என்றால் விகிதம் 1.03. ஒவ்வொரு வகுப்புக்கும் சில ஆண்டுகளின் சராசரி விகிதத்தை எடுத்துப் பெருக்குவார்கள். மழலை வகுப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பிறப்புப் பதிவே அடிப்படை. அதன் மேல் அனுமதி பெற்ற புதிய வீடுகளிலிருந்து வரக்கூடிய பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்ற நம்பிக்கைதான் இம்முறையின் பலவீனம். 2017-இல் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் ஆரஞ்சு, ஒசியோலா கவுண்டிகளுக்குப் படிப்பாண்டின் நடுவில் வந்து சேர்ந்ததை எந்த விகிதமும் சொல்லியிருக்காது. 2023-இல் தனியார் பள்ளி உதவித்தொகையை வருமான வரம்பின்றி எல்லாருக்கும் திறந்துவிட்டதும் பழைய விகிதங்களைக் குலைத்தது.

கவுண்டி மொத்தத்தில் பிழை சிறிதாக இருக்கும். தனிப் பள்ளியில்தான் அடி விழும். 600 பேர் படிக்கும் தொடக்கப் பள்ளியில் 30 பேர் குறைந்தால், தலைக்கு ஐயாயிரம் டாலர் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் டாலர் போகும். ஆனால் அந்த 30 பேர் ஆறு வகுப்புகளில் ஐந்தைந்து பேராகக் குறைந்திருப்பார்கள். எந்தப் பிரிவையும் மூட முடியாது, எந்த ஆசிரியரையும் மாற்ற முடியாது. மறுபக்கமும் உண்டு. 2002-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரம்பு, மூன்றாம் வகுப்பு வரை ஓர் அறையில் 18 பேர், எட்டு வரை 22, பன்னிரண்டு வரை 25. வகுப்புவாரியாகக் கணக்கிடும் பள்ளியில், நான்கு பிரிவுகளில் 72 பேர் நிறைந்த பின் வரும் 73-ஆவது பிள்ளைக்கு ஐந்தாவது ஆசிரியர் தேவை.

பணம் இரண்டு பைகளில் வருகிறது. சம்பளம், மின்சாரம் போன்றவற்றுக்கு ஒன்று. கட்டடம், கூரை, பேருந்துக்கு இன்னொன்று. இரண்டாவதற்காக வாரியம் 1.5 மில் வரை சொத்து வரி போடலாம். ஒரு மில் என்பது 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர். ஆக வரிக்குரிய மதிப்பு 2,00,000 டாலராக உள்ள வீட்டுக்கு 300 டாலர். இந்தப் பையின் பணத்தைப் பொதுவாகச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. "ஆசிரியரைக் குறைக்கிறார்கள், ஆனால் புது உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிறார்கள்" என்ற கோபத்துக்கு விடை இதுதான். கோபம் நியாயம், குறி தவறு. சம்பளப் பையின் கையிருப்பு வருவாயில் 3 சதவீதத்துக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், கண்காணிப்பாளர் வாரியத்துக்கும் மாநிலக் கல்வி ஆணையருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கட்டடப் பைக்கு ஐந்தாண்டுத் திட்டம் உண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு அறையையும் மாணவர் இருக்கைக் கணக்கில் பதிந்திருப்பார்கள். நடுநிலைப் பள்ளியில் அதில் 90 சதவீதமே கொள்ளளவு. பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் அறை மாறுவதால் எல்லா அறையும் எல்லா நேரமும் நிரம்பாது. நிரம்பி வழியும் இடத்தில் முதலில் தற்காலிக வகுப்பறைகளை இறக்குவார்கள், பிறகு எல்லையை மாற்றுவார்கள், கடைசியில்தான் புதுப் பள்ளி.

இருக்கை மிஞ்சினால் மூடுவது பற்றிய பேச்சு வரும். மூடுவதால் மிச்சமாவது தலைமையாசிரியர், அலுவலகம், சமையலறைச் செலவு. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளோடு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள். பேருந்துச் செலவு கூடும். பூட்டிய கட்டடத்துக்கும் காப்பீடு உண்டு, ஏசியும் ஓட வேண்டும். ஃபுளோரிடாவின் ஈரப்பதத்தில் நிறுத்திவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே மூடும் தீர்மானத்தோடு, அந்தக் கட்டடத்தை விற்பதா, வாடகைக்கு விடுவதா, வேறு வேலைக்கு மாற்றுவதா என்பதையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.