சுவரைத் தட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்

திருகோணமலையில் ஒரு பழைய வீட்டைத் திருத்த விலை கேட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மேசன் வருவார், அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், வாசலில் நின்றபடி ஒரு தொகையைச் சொல்வார். வீட்டுக்காரர் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். இருவரும் ஒத்துக்கொள்வார்கள். நாலாம் நாள் கொங்கிறீற் சிலாப்பின் அடிப்பூச்சை இறக்கும்போது கம்பி கறள் பிடித்து உதிர்ந்து கிடப்பது தெரியவரும். அன்றைக்குத்தான் உண்மையான விலைப்பேச்சு தொடங்கும். அப்போது வீட்டுக்காரருக்குப் பேரம் பேச வழியே இருக்காது. கூரை பாதி திறந்திருக்கும், சாமான் வெளியே கிடக்கும், மாரி நெருங்கிக்கொண்டிருக்கும்.

இதில் மேசனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே திறந்து பார்ப்பதற்கு என்று அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு மேசனுக்கும் ஒரு கையாளுக்கும் அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். சுத்தியல், உளி, டோர்ச், அளவு நாடா, ஒரு கட்டி சோக் இருந்தால் போதும். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கூலி மிகச் சிறியது. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

சிலாப்பின் அடிப்பக்கத்தை ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கொங்கிறீற் இறுகிய சத்தம் தரும். பிரிந்து நிற்கும் இடம் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போல ஒலிக்கும். அந்த இடத்தைச் சோக்கால் வளைத்துக் கீறி, சதுர அடி எத்தனை என்று அளந்து எழுதுங்கள். குளியலறைக்கு நேர் கீழே, தண்ணீர்த் தாங்கி நிற்கும் இடத்தில், ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்த பக்கத்துப் பீம்களில் கூடுதல் கவனம் வேண்டும். பீமின் கீழ் மூலையை ஒட்டி நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு ஓடினால், உள்ளே கம்பி வீங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமான இரண்டு இடங்களில் ஓரடிக்கு ஓரடி கொத்தித் திறந்து கம்பியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

திருக்கடலூர், அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளி என்று கரையோரமாகக் கட்டிய வீடுகளில் இது ஏன் இவ்வளவு சாதாரணம் என்பதற்குக் காரணம் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு கொங்கிறீற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. அதோடு கடற்கரை மணலையோ உவர்க் கிணற்றுத் தண்ணீரையோ கலவைக்குப் பயன்படுத்தியிருந்தால், உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். அதற்கு இடம் இல்லாததால் கம்பிக்குக் கீழே உள்ள கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளுகிறது. கம்பியை மூடி அரை அங்குலம்தான் கொங்கிறீற் இருந்தால் இது சில வருடங்களிலேயே நடக்கும். புதிதாகப் போடும் பீமுக்கும் சன்ஷேட்டுக்கும் கடற்கரைப் பக்கம் 40 மில்லிமீற்றர் மூடல் விடுங்கள். கம்பியின் கீழ் வைக்கும் கவர் கட்டைகளையும் அதே தடிப்பில் வார்த்து வையுங்கள். உடைந்த செங்கல் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்துவது கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி நேரே கம்பிக்குக் கொடுக்கும்.

விலை எங்கே ஏறுகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் விளங்கும். சிலாப்பில் ஓரடி நீளத்துக்குத்தான் கம்பி கறள் பிடித்திருக்கிறது என்று வைப்போம். 10 மில்லிமீற்றர் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின் 8 மில்லிமீற்றர்தான் மிஞ்சுகிறது. பார்வைக்குச் சின்னத் தேய்வு. ஆனால் குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. புதுக் கம்பி சேர்க்க வேண்டும். புதுக் கம்பி பழையதோடு ஒட்டி ஓட வேண்டிய நீளம் விட்டத்தின் 50 மடங்கு, அதாவது 500 மில்லிமீற்றர், ஏறக்குறைய 20 அங்குலம். அது இரண்டு பக்கமும் வேண்டும். ஆக ஓரடிப் பழுதுக்கு 4 அடி 4 அங்குலம் கொத்தித் திறக்க வேண்டியிருக்கிறது. “சின்னப் பூச்சு வேலை” என்று சொல்லித் தொடங்கியது பெரிதாகிப்போகும் கதை இதுதான்.

அந்த வேலையின் ஒழுங்கையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். முதலில் கீழே முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, ஓர் அங்குலமாவது கொத்த வேண்டும். கம்பியைச் சுற்றி முழுவதும் கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றைக்கே கறள் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும். பழைய கொங்கிறீற்றை நனைத்துப் பிணைப்புக் குழம்பு பூசி, அது காயுமுன் திருத்தக் கலவையைப் படைபடையாக அடைக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிச் சாதாரண சீமெந்துக் கலவையால் மூடினால் இரண்டு மூன்று மாரிக்குள் அதே இடம் மறுபடி விழும், பக்கத்து இடத்தையும் சேர்த்துக்கொண்டு. இதற்கு விலையை மொத்தமாகப் பேசாதீர்கள். இரண்டு அங்குல ஆழம் வரை சதுர அடிக்கு இவ்வளவு, சேர்க்கும் கம்பிக்கு அடிக்கு இவ்வளவு, முட்டுக்குத் தனியாக இவ்வளவு என்று பேசுங்கள். பரப்புக் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு நேராக நிற்கும். பாதிச் சிலாப் பொள்ளலாக ஒலித்தாலோ, பீமில் கம்பி அறுந்திருந்தாலோ மேசனோடு நிறுத்தாமல் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். உடைத்துப் புதிதாகப் போடுவது மலிவாக வரும் கட்டம் ஒன்று உண்டு.

கூரையில் நாலு இடத்தில் பத்துப் பத்து ஓடுகளைக் கழற்றிப் பாருங்கள். பீலிக்குப் பக்கம், இரண்டு கூரை சேரும் பள்ளம், கூரையைத் தாங்கும் வளை மரம் சுவரில் உட்காரும் இடம், முகடு. ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது மரம் அரை அங்குலம் உள்வாங்கினால் அந்தத் துண்டு மாற்ற வேண்டியது. சரிவாக ஓடும் கைமரம் எத்தனை அடி, அதன் குறுக்கே ஓட்டைத் தாங்கும் சிலாகை எத்தனை அடி என்று தனித்தனியாக எழுதுங்கள். கூரைப் பரப்பில்தான் வீட்டுக்காரர் அதிகம் ஏமாந்துபோகிறார். வீடு 20 அடிக்கு 30 அடி, 600 சதுர அடி. ஆனால் சுற்றிவர 2 அடி தாழ்வாரம் விட்டால் 24 அடிக்கு 34 அடி, 816 சதுர அடி. 25 பாகைச் சரிவையும் சேர்த்தால் 900 சதுர அடி. 600க்குக் காசு ஒதுக்கியவர் கூரை வேலை மூன்றில் இரண்டு முடிந்த இடத்தில் கடன் தேடுவார்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றும்போது அதை உடைக்கவோ வாளால் அறுக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்து நோயாக வரும். பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம். புதுக் கூரைக்கு நாகம் (சிங்க்) பூசிய ஸ்குரூ ஆணிதான் போட வேண்டும். மலிவு ஆணி நிலாவெளிக் காற்றில் தாக்குப்பிடிக்காது. 1964 டிசம்பரில் வந்த சூறாவளியையும் 2020 டிசம்பரில் வந்த புரெவியையும் கண்ட ஊர் இது. வளையைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டும் செலவைப் பட்டியலிலிருந்து வெட்டாதீர்கள்.

இனி டைல்ஸ். கடையில் 10 அடிக்கு 12 அடி அறை என்று சொன்னால், “இரண்டடி டைல், 30 துண்டு, சேதாரத்துக்கு மூன்று” என்பார்கள். இரண்டடி டைல் என்று நாம் சொல்வது உண்மையில் 60 சென்ரிமீற்றர், 23.6 அங்குலம். ஐந்து டைல் வைத்தால் 118 அங்குலம். 120 அங்குல அறையில் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் வெறுமையாக நிற்கும். 12 அடிப் பக்கத்திலும் அப்படியே இரண்டேகால் அங்குலம் நிற்கும். அந்த இடுக்கில் இரண்டு அங்குலக் கீலம் வெட்டி ஒட்டினால் கண்ணுக்கும் உறுத்தும், சீக்கிரம் பெயரவும் செய்யும். நல்ல டைல் பாஸ் நடுவிலிருந்து பிடித்து இரண்டு பக்கமும் பாதிக்கு மேலான துண்டு வருமாறு வைப்பார். அப்போது ஒரு வரிசைக்கு 6, மறு பக்கம் 7, மொத்தம் 42 டைல். வெட்டி மிஞ்சும் துண்டுகளிலிருந்து 4 அங்குல ஸ்கேர்ட்டிங் வந்துவிடும். உடைவுக்கு மூன்று சேர்த்து 45. பெட்டிக்கு 4 என்றால் 12 பெட்டி. முப்பத்துமூன்று வாங்கியவர் நடுவழியில் கடைக்கு ஓடுவார், பெட்டியில் நிறச்சாயலைக் குறிக்கும் அதே ஷேட் இலக்கம் தீர்ந்திருக்கும். வாங்கும் நாளிலேயே எல்லாப் பெட்டியிலும் ஷேட் இலக்கம் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

பூச்சுக்குக் கணக்கு எளிது. அரை அங்குலத்துக்குச் சற்று மேலான தடிப்பில், ஒன்றுக்கு ஐந்து கலவையில் 100 சதுர அடிக்கு 50 கிலோ சீமெந்து ஒரு பை, மணல் 6 முதல் 7 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆகவே ஒரு கியூப் மணல் ஏறத்தாழ 1,500 சதுர அடிக்குப் போகும். பழைய சுவர் கோணலாக இருந்தால் தடிப்புக் கூடும். மணல் வந்தால் டிப்பர் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் பிரியுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். உலர்ந்தபின் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படை மணலின் பத்தில் ஒன்றை எட்டினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்பலாம். கலவைக்கு எடுக்கும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கம்பி உள்ள எந்த வேலைக்கும் அது ஆகாது, குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள்.

சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பெயின்ற் பொருக்காக உரிந்தால் மேலே பில்லர் பசை அடித்துப் பூசுவது வீண் செலவு. ஈரம் ஏறிய கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை பூச்சை இறக்குங்கள். கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டிக் கோடையில் சில வாரம் காயவிடுங்கள். உள்பக்கம் மட்டும் தண்ணீர் புகாத கலவையால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு கலந்த பூச்சே பொருந்தும். வெளியே மண் மட்டம் வீட்டுத் தரையை விட உயர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டி இறக்குங்கள். பல வீடுகளில் நோயின் மூலம் அதுதான்.

வேலையின் ஒழுங்கு இந்த ஊரின் காற்றோடும் மழையோடும் போக வேண்டும். இங்கே பெரும்பகுதி மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. கூரையும் சன்ஷேட்டும் மே முதல் செப்ரெம்பருக்குள் முடியட்டும். அந்த மாதங்களில் கச்சான் காற்றும் வெயிலும் புதுப் பூச்சை ஒரே நாளில் வறட்டி வெடிக்க வைக்கும் என்பதால் ஏழு நாளாவது காலை, மதியம், மாலை தண்ணீர் அடிக்க ஒருவரை வையுங்கள். அந்தக் கூலியும் பட்டியலில் வர வேண்டும். வயறிங்கும் பைப்பும் பூச்சுக்கு முன். பிளக்குக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு சேர்ந்தது), ஏசிக்குத் தனி வழி, எல்லாவற்றுக்கும் எர்த். பழைய வீட்டில் எர்த் இல்லாமல் இரண்டு வயர்தான் ஓடுகிறது என்றால் திருத்தம் என்று சொல்லாமல் முழு வயறிங் என்று விலை போடுங்கள். புதுப் பூச்சுக்குப் பெயின்ற் நாலு வாரம் கழித்து.

சுவரை நீட்டுவது, மாடி ஏற்றுவது என்றால் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியையும் முதலே கேட்டுவிடுங்கள். அதற்கு எடுக்கும் காலத்தையும் நாட்காட்டியில் போடுங்கள்.

இப்போது ஒப்பந்தம். அளந்த பட்டியலை ஒரே தாளாக மூன்று பேரிடம் கொடுத்து விலை போடச் சொல்லுங்கள். ஒருவர் கழிவு அகற்றுவதைச் சேர்த்து, மற்றவர் சேர்க்காமல் போட்டிருந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை. சாரம் கட்டும் செலவு, பொருள் ஏற்றுக்கூலி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி உள்ளதா இல்லையா, விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். 2022இல் சீமெந்து விலை சில வாரங்களுக்குள்ளேயே மாறிய காலத்தை நாம் மறக்கவில்லை. திறந்து பார்த்த வீட்டுக்குக் கையில் பத்து சதவீதம் மேலதிகம் வையுங்கள். திறக்காமல் தொடங்கினால் இருபத்தைந்தும் போதாமல் போகலாம்.

முற்பணம் இருபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கூரை முடிய ஒரு பங்கு, பூச்சு முடிய ஒரு பங்கு என்று முடிந்த வேலையை அளந்து கொடுங்கள். மேலதிக வேலை வந்தால், தொடங்குவதற்கு முன் அளவும் விலையும் தேதியும் எழுதி இருவரும் ஒப்பமிட ஒரு கொப்பி வைத்திருங்கள். மேசனுக்கும் அது பாதுகாப்புத்தான். கடைசி ஐந்து சதவீதத்தை முதல் மாரி முடியும்வரை வைத்திருப்பதாகத் தொடக்கத்திலேயே பேசி எழுதுங்கள். நவம்பரில் நாலைந்து நாள் விடாமல் பெய்யும் மழையில் டோர்ச்சோடு முகட்டையும் கூரைப் பள்ளத்தையும் சன்ஷேட் சேரும் இடத்தையும் பாருங்கள். ஈரத் திட்டு இருந்தால் சோக்கால் வளைத்துப் படம் எடுத்து மேசனுக்கு அனுப்புங்கள். அவர் வந்து சரிசெய்து, தையில் மழை விட்டதும் இன்னொரு தரம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மிச்சக் காசை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.