பெருமந்தக் கால நினைவுகளை மேடையேற்றப் போகிறீர்களா?

இந்த மாதமும் ஒரு ஸ்கிரிப்ட் வந்தது. 1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தைத் தாண்டி வந்த சாதாரணக் குடும்பங்களின் ஒலிப்பதிவுகளை வைத்து ஒரு குழு எழுதியது. முதல் காட்சியில், நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தெருவான வால் ஸ்ட்ரீட்டில் கோட் போட்ட ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து குதிக்கிறார். ஒலிப்பதிவுகளில் ஒருவர்கூட அப்படி எதையும் சொல்லவில்லை. வாய்மொழி நினைவுகளை நாடகமாகத் தொகுப்பது என் தொழில். இதே காட்சி திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

1929 அக்டோபர் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு பங்குத் தரகர்கள் கூட்டம் கூட்டமாகக் குதித்துச் செத்தார்கள் என்பது கட்டுக்கதை. பொருளியலாளர் ஜான் கென்னத் கால்பிரெய்த் புள்ளிவிவரங்களைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தற்கொலை அலையே இல்லை என்று எழுதினார். பங்குச் சந்தை ஓகோவென்று இருந்த அந்த வருடக் கோடையில்தான் எண்ணிக்கை அதிகம். பிறகு கூடியது, வேலையின்மை முற்றிய வருடங்களில்.

சரி, கதை பொய் என்பதோடு முடிந்தால் நான் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். அன்றைக்குத் தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகை 12 கோடி. மற்றவர்களுக்குப் பெருமந்தம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வேலை நாட்கள் குறைந்தன, அப்புறம் வேலையே போனது. 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. வங்கியில் போட்ட பணத்துக்கு நாடு தழுவிய காப்பீட்டுச் சட்டம் வந்ததே 1933இல்தான். அதற்கு முன் மூழ்கிய வங்கிகளில் சேமித்தவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1933இல் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. இப்படி வருடக்கணக்கில் அரித்த கஷ்டத்தை ஒரு அக்டோபர் நாளுக்குள் அடைத்தால், யாருடைய நினைவைச் சொல்ல வந்தோமோ அவருக்கே மேடையில் இடம் இல்லை.

நம்மிடம் உள்ள பதிவுகளில் பேசுகிற பலர் அன்றைக்குக் குழந்தைகள். அப்பாவின் வேலை போனதை அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சிலிருந்து தெரிந்துகொண்டவர்கள். வேலை போனது தன் குற்றம் என்று நினைத்துக் குறுகிப்போய், வீட்டில் வாயே திறக்காத ஆண்கள் எத்தனையோ பேர். ஸ்கிரிப்டிலோ அந்த அப்பா எழுந்து நின்று முதலாளித்துவத்தைப் பற்றி இரண்டு பக்கம் வசனம் பேசுகிறார். அவர் பேசாமல் இருந்ததுதானே மகளுக்குக் கிழவியான பிறகும் நினைவிருக்கிறது? பேசாமல் உட்காரத் தெரிந்த நடிகரைத் தேடுங்கள்.

இன்னொன்று. “நாங்கள் ஏழைகள் என்றே தெரியாது, எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்” என்று அந்தத் தலைமுறையில் பலர் சொல்வார்கள். நாடகத்தன்மை இல்லை என்று இதைத்தான் முதலில் நீக்குகிறார்கள். மாவு மூட்டைத் துணியில் தைத்த கவுன், ஓட்டை ஷூவுக்குள் வெட்டி வைத்த அட்டை, அரசின் காடு வளர்ப்பு முகாமில் மாதம் 30 டாலர் சம்பாதித்து அதில் 25 டாலரை வீட்டுக்குக் கொடுத்த பையன்கள்: நடிகரின் கைக்கு வேலை தருகிற விவரங்கள் இவை. அழுகைக் காட்சிக்கு இடம் விட்டு இதையெல்லாம் தூக்கிவிடுகிறார்கள்.

அயோவா, நெப்ராஸ்கா பக்கம் நடந்த ‘பென்னி ஏலங்களை’ எடுத்துக்கொள்ளுங்கள். கடனுக்காகப் பண்ணை ஏலத்துக்கு வரும். அக்கம்பக்கத்து விவசாயிகள் கூடி, குதிரையையும் கலப்பையையும் சில சென்ட் காசுக்கு மட்டும் ஏலம் கேட்பார்கள். வாங்கியதையெல்லாம் பழைய சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவார்கள். வெளியாள் விலையை ஏற்றப் பார்த்தால் மிரட்டல் விழும். சில இடங்களில் எச்சரிக்கையாகத் தூக்குக் கயிறே தொங்கியது. நான் பார்த்த ஸ்கிரிப்டுகளில் கயிறு காணாமல் போய்விடுகிறது, அன்பான அண்டைவீட்டார் மட்டும் மிஞ்சுகிறார்கள். அந்த அன்பில் மிரட்டலும் இருந்தது, இரண்டையும் காட்டுங்கள். அதேபோல, கடைசியாக வேலைக்கு எடுக்கப்பட்டு முதலில் நீக்கப்பட்ட கறுப்பினத்தவர்களும், அமெரிக்காவில் பிறந்திருந்தும் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர்களும் இல்லாமல் இந்தக் காலத்தைக் காட்டாதீர்கள்.

நிஜத் தகவலை ஆதாரத்தோடு மேடையேற்ற முன்னுதாரணம் அந்தக் காலத்திலேயே உண்டு. வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு 1935இல் தொடங்கிய ஃபெடரல் தியேட்டர் திட்டம், ஹாலி ஃப்ளனகன் தலைமையில், நடப்பு விஷயங்களை ‘உயிருள்ள செய்தித்தாள்’ என்ற பெயரில் மேடையேற்றியது. அந்த நாடகப் பிரதிகளில் தகவல் எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்பே இருக்கும். 1939இல் நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. நாமும் ஒத்திகைப் பிரதியின் ஓரத்தில் எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து வைக்கலாமே.

ஆவணக் காப்பகத்துக்குப் பேசச் சம்மதித்தவர் மேடைக்கும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகக் கேளுங்கள், இறந்திருந்தால் குடும்பத்திடம் கேளுங்கள். இரண்டு பேரை ஒரு பாத்திரமாக்கினால் நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சிடுங்கள். தொகையை மாற்றாதீர்கள், ஐந்து சென்ட் என்றால் ஐந்து சென்ட்தான். உயிரோடு இருப்பவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள், அதே துக்கத்தை ஒவ்வொரு நடிகருக்கும் மறுபடி சொல்லவைக்காதீர்கள், தயவுசெய்து. ஒருமுறை பதிவு செய்யுங்கள், மற்றவர்கள் அதைக் கேட்கட்டும். போஸ்டர் அச்சாவதற்கு முன்பே ஒரு ஒத்திகைக்கு அவர்களை அழையுங்கள். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.