மேஸ்திரி: இந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு?

வீடு கட்டின எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, ஆனா தமிழ் கிடையாது. போர்த்துகீசிய 'மெஸ்த்ரெ'தான் இங்க மேஸ்திரி ஆச்சு, அதுக்கும் மூலம் லத்தீன் 'மாகிஸ்தெர்', அதாவது தலைவர், ஆசான். இங்கிலீஷ் 'மாஸ்டர்' கூட அதே வேர்தான். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவங்ககிட்டருந்து வந்த பேருங்க, கூடவே வீட்டைக் கட்டுறவர் பேரும் வந்துருச்சு.

இப்ப சைட்ல இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கு: யாரு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்றவர். ஐடி கம்பெனில ஒர்க் லைஃப் பேலன்ஸ்னு பேசுறாங்கல்ல, சைட்ல அது முழுக்க மேஸ்திரி கையிலதான் இருக்கு. ரூஃப் கான்கிரீட் ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது, நிறுத்துனா ஜாயிண்ட் விழுந்து பின்னாடி ஒழுகும், அதனால ஜல்லி லோடு லேட்டா வந்து பத்து மணிக்கு மேல மிக்சர் ஓட ஆரம்பிச்சா ராத்திரி லைட்டு போட்டுத்தான் முடிக்கணும், அங்க வேலை செய்யுற அக்காங்க புள்ளைங்க தூங்குனப்புறம்தான் வீடு போய்ச் சேருவாங்க. முந்தின நாளே ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் இறக்கி வச்சு விடிஞ்சதும் தொடங்குற மேஸ்திரிகிட்ட இந்தப் பிரச்சனையே வராது. 1996-ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே வாரம் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு ரெட்டைக் கூலின்னு எழுதியிருந்துச்சு, ஆனா சைட்ல அதை நடத்திக் காட்ட வேண்டியவர் மேஸ்திரிதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? 'தலைமைக் கொத்தனார்' நல்ல சொல்லு, ஆனா கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரிக்கெல்லாம் பொருந்தாது. 'மேற்பார்வையாளர்' எழுத்துல சரி, பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குப் பிடிச்சது 'கண்காணி'. திருமந்திரத்துலயே இருக்குற பழைய சொல்லு. இலங்கை, மலேயா தோட்டங்கள்ல அது 'கங்காணி' ஆகி, ஊர்லருந்து ஆளைக் கூட்டிட்டுப் போய் கடன்ல சிக்க வச்சு வேலை வாங்குறவர்ங்குற கெட்ட பேரைச் சுமந்துருச்சு, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

எங்க பெரியப்பா மேஸ்திரியா இருந்தவர். சனிக்கிழமை கூலிய மூணு மணிக்கே எண்ணிக் கொடுத்துருவாரு, கடை கண்ணிக்குப் போயிட்டு இருட்டுறதுக்குள்ள உலை வைக்கணும்ல அவங்கன்னு சொல்லுவாரு. அவரை நினைச்சுத்தான் கண்காணிங்குற சொல்லுக்கு ஓட்டுப் போடுறேன்.