சொல் விளக்கம்: டீரெய்லர்

ரோடு பைக் (சாலையில் விரைவாக ஓட்டுவதற்கான மிதிவண்டி) வாங்க நினைப்பவர் விவரப் பட்டியலைப் படிக்கும்போது, சட்டகத்துக்கு அடுத்தபடியாக எதிர்ப்படும் சொல் டீரெய்லர். மிதிவண்டி ஓட்டுவோர் பேச்சில் பின்புறத்து உறுப்பு ஆர்.டி. (ரியர் டீரெய்லர்) என்றும் முன்புறத்து உறுப்பு எஃப்.டி. (ஃப்ரண்ட் டீரெய்லர்) என்றும் சுருங்கிவிடுகிறது. கியர் மாற்றுவதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பற்சக்கரத்துக்குத் தள்ளும் பொறியமைப்பே டீரெய்லர். பின்சக்கரத்தின் அச்சுக்குக் கீழே இரண்டு சிறு உருளைகளுடன் தொங்குவது பின்புற டீரெய்லர். அதன் மேல் உருளை சங்கிலியைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது, கீழ் உருளை சங்கிலி தொய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. மிதிகட்டை அருகே உள்ள முன்புற டீரெய்லரில் உருளை கிடையாது. சங்கிலியின் இருபுறமும் நிற்கும் இரண்டு தகடுகள் அதை உந்தித் தள்ளும், அவ்வளவுதான்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அது தெராயர் என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். தண்டவாளத்தைக் குறிக்கும் 'ரெய்ல்' என்பதுடன் நீக்கத்தைக் காட்டும் முன்னொட்டுச் சேர்ந்து 'தடத்திலிருந்து விலக்குவது' என்ற பொருள் பிறந்தது. இதில் வியப்பு என்னவென்றால், 'ரெய்ல்' பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து கிடைத்த சொல். ஆங்கிலமோ அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து பெற்றது. அதற்கும் வேர், நேர்கோலைக் குறிக்கும் 'ரெகுலா' என்னும் இலத்தீன் சொல். இப்படிப் பலமுறை கடல் தாண்டிய சொல்தான் இரயில் பாதையை விட்டு மிதிவண்டிச் சங்கிலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பொறியமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சில் புழங்கியது என்றாலும், டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான். அதுவரை பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரம் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டார்கள். ஓட்டத்தை நிறுத்தாமல் சங்கிலியை மாற்றும் இந்தக் கருவி அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடும்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? மூலத்தை அப்படியே பெயர்த்தால் 'தடம்புரட்டி' என்று வரும். ஆனால் தடம் புரள்வது என்றாலே நமக்கு விபத்துதான் நினைவுக்கு வருகிறது. சீராக வேலை செய்யும் ஒரு கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 'பல்லிணை மாற்றி' என்பதிலும் குறை உண்டு: பல்லிணை என்பது ஒன்றோடொன்று பல் பொருந்திச் சுழலும் சக்கரங்களுக்கு உரியது, மிதிவண்டியிலோ பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. 'சங்கிலி மாற்றி' எளிமையானது. எனினும் தேய்ந்த சங்கிலியைக் கழற்றிப் புதியது போடுவதையும் 'சங்கிலி மாற்றுவது' என்றே சொல்வதால் குழப்பம் நேரும். ஆகவே 'சங்கிலிநகர்த்தி' என்பதே சரியான சொல் என்று கருதுகிறேன். ஒலிபெருக்கி, மின்மாற்றி ஆகியவற்றில் உள்ள அதே இகர விகுதி இதிலும் கருவியைக் குறிக்கிறது. 'பின்நகர்த்தி' என்று சுருக்கினால் பின்னோக்கி நகர்த்துவது என்று பொருள் மயங்கும் என்பதால், பின்புறச் சங்கிலிநகர்த்தி, முன்புறச் சங்கிலிநகர்த்தி என்று முழுமையாகச் சொல்வது நல்லது.

சங்கிலியை எவ்வளவு தொலைவு நகர்த்துவது என்பதில்தான் நிறுவனங்கள் பிரிகின்றன. 1921இல் தொடங்கிய ஜப்பானின் ஷிமானோ, 1933இல் தொடங்கிய இத்தாலியின் கம்பன்யோலோ, 1987இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம் ஆகிய மூன்றும் கைப்பிடியிலுள்ள கியர் விசை (ஷிஃப்டர்) கம்பியை இழுக்கும் அளவுக்கும் சங்கிலிநகர்த்தியின் நகர்வுக்கும் உள்ள விகிதத்தைத் தத்தம் வழியில் வகுத்துக்கொண்டன. ஒரு நிறுவனத்தின் கியர் விசையையும் மற்றொன்றின் சங்கிலிநகர்த்தியையும் சேர்த்தால் பெரும்பாலும் சங்கிலி பற்களின் நேரே வந்து நிற்காது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு தலைமுறைகளுக்கு இடையிலும் இந்தப் பொருத்தமின்மை உண்டு. கியர் விசை, சங்கிலிநகர்த்தி, பற்சக்கரங்கள் முதலியவற்றைக் குரூப்செட் என்று முழுத் தொகுதியாக விற்பதற்கு இது முக்கியமான காரணம்.

கம்பிவழி இயங்கும் வகைகளில் கைக்குத் தெரியும் வேறுபாடு இன்னும் தெளிவானது. ஷிமானோவில் தடைப்பிடியையே (பிரேக் பிடி) உள்நோக்கித் தள்ளுவது ஒரு திசைக்கும், அதன் பின்னுள்ள சிறு நெம்புகோல் எதிர்த்திசைக்கும் உரியவை. ஸ்ராமில் ஒரே நெம்புகோல்தான்; சிறிது தள்ளினால் ஒரு திசை, ஆழமாகத் தள்ளினால் மறு திசை. கம்பன்யோலோவில் ஒரு திசைக்குக் கட்டைவிரல் பொத்தான் இருக்கிறது. எது சிறந்தது என்று வாதிடுவதைவிட, கைப்பிடியைப் பற்றி இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்ப்பது மேல், ஏனெனில் விரல் நீளமும் பிடியின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும்.

விலைப்படியில் மேலே போவதால் கிடைப்பது பெரிதும் எடைக்குறைவுதான். விலை ஏறும் வரிசையில் ஷிமானோவின் 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் ஆகிய மூன்று தொகுதிகளின் இன்றைய தலைமுறையிலும் பின்புறம் 12 பற்சக்கரங்களே உள்ளன. முதல் ரோடு பைக் வாங்குவோருக்கு 105 போதும் என்பேன். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, பின்புறச் சங்கிலிநகர்த்தி எத்தனை பல் கொண்ட பற்சக்கரம் வரை தாங்கும் என்பது. 11 பற்சக்கரங்கள் கொண்ட முந்தைய 105 தொகுதியில் குட்டைக் கூடு (உருளைகள் இரண்டையும் தாங்கும் சட்டம்) உள்ளது 30 பல் வரையும், நீளக் கூடு உள்ளது 34 பல் வரையும் ஏற்கும்படி செய்யப்பட்டிருந்தது. முன்புறம் 34 பல்லும் பின்புறம் 34 பல்லும் சேர்ந்தால் மிதி ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். பின்புறம் 28 பல் என்றால் அதுவே சுமார் 2.55 மீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் முழங்காலுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பின்னாளில் பெரிய பற்சக்கரம் போடும் எண்ணம் இருந்தால், கூட்டின் நீளத்தை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.