கணினிக்கு ஆறு ஆண்டு, தரவுக்கு அரை நூற்றாண்டு

பிரிட்டனின் அடுத்த பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் எடின்பரோவில் அமையும் என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அந்த 80 கோடி பவுண்டு திட்டம் கைவிடப்பட்டது. முந்தைய அரசு அறிவிப்போடு நின்றுவிட்டது, நிதி ஒதுக்கவில்லை என்று புதிய அரசு காரணம் சொன்னது. பல்கலைக்கழகமோ அந்தக் கணினிக்கென்றே ஒரு கூடத்தைக் கட்டி வைத்திருந்தது. 2025 ஜூனில் 75 கோடி பவுண்டுடன் அதே திட்டம் மீண்டும் உயிர் பெற்றது.

யார் பக்கம் நியாயம் என்பதை அந்நாட்டு அரசியல் விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட முதலீட்டைத் திட்டமிடுவது ஏன் இவ்வளவு தடுமாற்றமாக இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. ஒரே திட்டத்துக்குள் பல ஆயுட்காலங்கள் இருக்கின்றன, அரசின் வரவு செலவுக் கணக்குக்கோ ஓராண்டுதான் அளவு. சிக்கல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கணினியிலிருந்து தொடங்கலாம். 2011-ல் உலகின் முதலிடத்தைப் பிடித்த ஜப்பானின் 'கே' கணினி 2019-ல் அணைக்கப்பட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2012-ல் வந்த டைட்டனும் அதே 2019-ல் போய்விட்டது. அதே ஆய்வகத்தில் 2018-ல் முதலிடம் பெற்ற சம்மிட்டுக்கு 2024-ல் விடை கொடுத்தார்கள். இவை எதுவும் பழுதாகி நிற்கவில்லை. புதிய கணினி அதே மின்சாரத்தில் பல மடங்கு கணக்குப் போடும் என்கிற நிலை வந்துவிட்டால், பழையதை ஓட்டுவதே நட்டம். 10 மெகாவாட் இழுக்கும் கணினி ஓராண்டு முழுவதும் ஓடினால் 8.76 கோடி யூனிட் செலவாகும். முதன்முதலில் எக்ஸாஃப்ளாப் வேகத்தை, அதாவது நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழியம் கணக்குகள் என்ற அளவை, 2022-ல் தாண்டிக் காட்டிய, அதே ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியர் அதைப்போல் இரு மடங்கு இழுக்கிறது. யானையை வாங்குவதைவிடக் கட்டித் தீனி போடுவதுதான் பெரும்பாடு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ஆகவே கணினியை நிறுவும் நாளிலேயே அதை அணைக்கப்போகும் ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. தேவையைக் கணிப்பது, ஒப்பந்தப்புள்ளி கோருவது, வடிவமைப்பது, நிறுவுவது என்று அடுத்ததற்கு நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். எனவே முதல் கணினி சூடேறும்போதே இரண்டாவதன் வேலை தொடங்கியாக வேண்டும். கட்டடமும் துணை மின்நிலையமும் குளிரூட்டும் குழாய்களும் இரண்டு மூன்று தலைமுறைக் கணினிகளைத் தாங்கும். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வாங்கிய லூமி கணினி, ஃபின்லாந்தின் கயானி நகரில் மூடிப்போன ஒரு காகித ஆலை வளாகத்தில் நிற்கிறது. ஆலைக்காகப் போட்ட மின்தடம் ஏற்கெனவே இருந்தது, மின்சாரம் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது, கணினி கக்கும் வெப்பம் ஊரின் வீடுகளைச் சூடாக்கப் பயன்படுகிறது. இடத்தேர்வு என்றாலே அரசியல் பேரம் என்று நினைப்பவர்கள் இந்த ஊரைப் பார்க்கலாம்.

வலைப்பின்னலின் கணக்கு சிறியது, ஆனால் கறாரானது. ஒரு பெட்டாபைட், அதாவது பத்து லட்சம் கிகாபைட், தரவை நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில் அனுப்பினால், இடையில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், 92 நாட்களுக்கு மேல் ஆகும். 100 கிகாபிட் இணைப்பில் ஒரு நாள்கூட வேண்டாம். கருந்துளையின் முதல் படத்துக்காக 2017 ஏப்ரலில் உலகின் பல தொலைநோக்கிகள் திரட்டிய தரவு, வன்தட்டுகளில் ஏற்றி விமானத்தில்தான் கொண்டுபோகப்பட்டது. தென்துருவத்தில் எடுத்தது, குளிர்காலம் முடிந்து விமானங்கள் இறங்கும்வரை அங்கேயே மாதக்கணக்கில் கிடந்தது. கணினியை ஓரிடத்திலும் தரவை வேறோரிடத்திலும் வைத்து, நடுவே உள்ள இழையை மறந்த திட்டம் காகிதத்தில்தான் ஓடும்.

அடுத்தது மென்பொருள். புதிய கணினிக்குப் பழைய நிரலை அப்படியே மாற்றிவிட முடியாது. லட்சக்கணக்கான செயலகுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி, வரைகலைச் செயலிகளுக்கு (GPU) பொருந்தும்படி, நிரலைப் பல இடங்களில் திருத்தி எழுத வேண்டும். இதை முன்கூட்டியே உணர்ந்த அமெரிக்க எரிசக்தித் துறை, 2016 முதல் ஏழு ஆண்டுகள், 180 கோடி டாலரை மென்பொருளுக்கும் பயன்பாடுகளுக்குமே முதன்மையாகச் செலவிட்டது. கணினிகளை வாங்கிய பணம் தனி. இந்தத் தொகையைக் கேட்டால் பல நிதி அமைச்சகங்கள் மயங்கி விழும். நிரல் எழுதும் ஆட்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு முப்பதாண்டு பழைய பருவநிலை மாதிரி நிரலைப் பராமரிக்கச் சொல்வதுதான் பல நாடுகளில் நடைமுறை.

தரவின் கதை வேறு. அதன் பயன் எப்போது விளையும் என்று யாராலும் சொல்ல முடியாது. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971-ல் ஒற்றை இலக்க எண்ணிக்கையில், ஏழு வடிவங்களோடு தொடங்கியது. யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அதை ஒரே மாதிரியான அமைப்பில் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கம் மெல்ல மெல்ல நிலைபெற்றது. வந்ததைச் சரிபார்த்து, பிழை இருந்தால் திருப்பி அனுப்பும் வேலையைச் சிலர் ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அங்கே குவிந்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் பயிற்சி பெற்றுத்தான் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புரத வடிவங்களைக் கணிக்கக் கற்றது. 2024-ல் அதற்கு வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. 1971-ல் யாராவது இந்த வரவைக் காட்டி நிதி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ் பற்றி, தாவர மரபியலாளர்கள் நாள்தோறும் புரட்டும் தகவல் களஞ்சியத்துக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை தந்துவந்த நிதி 2013-ல் முடிந்தது. களஞ்சியம் சந்தா முறைக்கு மாறித்தான் பிழைத்தது. அது பயனற்றுப் போயிருந்தால் சந்தா கட்ட யார் முன்வந்திருப்பார்கள்? ஆராய்ச்சிக்கான மானியம் புதியதைக் கேட்கும், பராமரிப்போ என்றைக்கும் பழையது. அதற்கென்று தனித் தலைப்பு இல்லாத நாட்டில் நல்ல தரவுத்தளங்களும் அநாதைகளாகின்றன.

சேமித்துவிட்டாலே பத்திரம் என்றும் இல்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் தரவு, 3.4 கோடிக் கோப்புகள், அழிந்துபோயின. பழைய பதிவுக் கோப்புகளைத் துடைக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை ஏற்றினார்கள். பாதி ஓடியிருந்த ஸ்கிரிப்ட் மீதியைப் புதிய கோப்பிலிருந்து படித்தது. எந்தக் கோப்புறையைத் துடைக்க வேண்டும் என்று சொல்லும் மாறி (variable) வெறுமையாக இருந்தது. கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகள்மேல் பாய்ந்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அவற்றில் சிலவற்றின் தரவைக் காப்பு நகலிலிருந்தும் மீட்க முடியவில்லை. இரண்டாவது நகல், வேறோர் ஊரில், வேறொரு நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதைச் செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படும் வரியாக வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இத்தனை ஆயுட்காலங்களையும் ஒரே தாளில் இணைக்க ஆஸ்திரேலியா ஓரளவு வழி கண்டது. 2004-ல் தேசிய ஆய்வுக் கட்டமைப்பு உத்தி ஒன்றை வகுத்தது. கணினி, தரவு, ஆய்வகம் எல்லாவற்றையும் சேர்த்து 2011, 2016, 2021 என ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாதைத்திட்டத்தைத் திருத்தி எழுதியது. அப்படியும் 2015-ல், பல்கலைக்கழகக் கட்டணச் சட்டம் நிறைவேறினால்தான் இந்த அமைப்புக்கான 15 கோடி டாலர் என்று அரசு பிடிவாதம் பிடித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே இறங்கி வந்தது.

பாதைத்திட்டங்களில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி, எதை எறிவது என்பது. அவதானித்த தரவுக்கு விதி எளிது: 1998-ன் கடல் வெப்பநிலையை மறுபடி அளக்க முடியாது, வைத்துக்கொள். கணினி உருவாக்கிய தரவில்தான் தலைவலி. ஒரு பருவநிலை மாதிரியின் பெட்டாபைட் கணக்கான வெளியீட்டை இருபதாண்டு சேமிப்பதா, நிரலையும் தொடக்க நிலைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு வேண்டும்போது மறுபடி ஓட்டுவதா? சேமிப்புச் செலவையும் மின்கட்டணத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவது வழி பல சமயம் மலிவாகத் தெரியும். ஆனால் புதிய செயலியில், நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் புதிய தொகுப்பியில், அதே நிரல் கடைசி இலக்கம்வரை அதே விடையைத் தருவதில்லை. அந்த நுண்ணிய வேறுபாடு, பருவநிலை மாதிரியில் சில வாரங்களுக்குள் வேறொரு வானிலையாக வளர்ந்துவிடும். நீண்ட காலச் சராசரிகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதனால் குறைவில்லை. குறிப்பிட்ட ஒரு புயலை அந்த ஓட்டத்தில் கண்டு கட்டுரை எழுதியவருக்கு, பழைய கணினி அணைந்தபின் அதே புயல் திரும்பக் கிடைக்காது.