எக்குமெனிசம்: ‘வீடு’ என்ற வேரிலிருந்து ‘ஒன்றிப்பு’ வரை

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தோலிக்க மாமியார் கோயிலுக்குப் பூசைக்குப் போவார், புரொட்டஸ்டண்ட் மருமகள் சபைக்கு ஆராதனைக்குப் போவாள். மாமியாருக்குச் செபம், மருமகளுக்கு ஜெபம். அவருக்குப் பங்குச்சாமி, இவளுக்குப் பாஸ்டர். உலை மட்டும் ஒன்றுதான். கிறித்தவ சபைகளின் ஒற்றுமை முயற்சியைக் குறிக்கும் ‘எக்குமெனிசம்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல இப்படியொரு வீட்டில் தொடங்குவதே சரி. அந்தச் சொல்லின் வேரும் வீடுதான்.

கிரேக்கத்தில் ‘ஒய்க்கோஸ்’ என்றால் வீடு. அதிலிருந்து பிறந்தது ‘ஒய்க்குமெனே’, அதாவது மனிதர் குடியிருக்கும் பூமி. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், ‘உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று’ ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் கட்டளையிட்டதாகப் பழைய தமிழ் வேதாகமம் சொல்லும். அங்கே ‘உலகம்’ என்று வருவதற்கு மூலத்தில் உள்ள சொல் ஒய்க்குமெனே. அதற்கு அடுத்த சொல்லிலேயே நம் ‘குடி’யும் வந்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கி.பி. 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடியதை முதல் பொதுச்சங்கம் (ஆங்கிலத்தில் ‘எக்குமெனிக்கல் கவுன்சில்’) என்கிறோம். ‘எக்குமெனிக்கல்’ என்பதற்கு அங்கே ‘உலகம் முழுவதற்கும் பொதுவான’ என்றுதான் பொருள். பிரிந்துபோன சபைகள் ஒன்றையொன்று தேடி வருவது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஊன்றியது. செயல் அதற்கு முன்பே இருந்தது. இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்குப் பெயராக நிற்கும் ஸ்வார்ட்ஸ், 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஊழியம் செய்த ஜெர்மானியர், ஒரு லுத்தரன் குரு. அவர் ஊழியத்தைத் தாங்கியதோ வேறொரு சபை மரபான ஆங்கிலிக்கன் மிஷன் அமைப்பு.

1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானது. அதன் சின்னம் கடலில் மிதக்கும் ஒரு படகு. பாய்மரம் இருக்கவேண்டிய இடத்தில் சிலுவை, மேலே ‘ஒய்க்குமெனே’ என்ற எழுத்து. வள்ளமும் வத்தையும் பார்த்து வளர்ந்த நம் கரைப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் உடனே பிடிபடும்.

கத்தோலிக்கர் பக்கம் நடந்த மாற்றத்தை ஒரே ஒரு சொல்லில் பார்க்கலாம். பழைய கத்தோலிக்கத் தமிழில் புரொட்டஸ்டண்டுகளுக்குப் பெயர் ‘பதிதர்’, நெறி தவறி விழுந்தவர்கள். 1964 நவம்பர் 21 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றி வெளியிட்ட ஏடு அவர்களைப் ‘பிரிந்த சகோதரர்’ என்றது. பிரிந்திருந்தாலும் சகோதரர்! அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த ஏட்டுக்கு நன்றி சொல்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மத நல்லிணக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வெவ்வேறு மதத்தாருக்கு இடையே உள்ளது, இங்கே பொருந்தாது. ‘ஐக்கியம்’ வடமொழி ‘ஏக’த்திலிருந்து வந்தது. ‘பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்’ என்று மருமகள் ஆசீர்வாதத்தில் கேட்பது இந்தச் சொல்லைத்தான். மாமியாரோ பூசையில் ‘தூய ஆவியாரின் ஒன்றிப்பில்’ என்று கேட்கிறார். ஒன்றாயிருப்பதைக் குறிக்கும் சொல்லே சபைக்குச் சபை வேறாகிவிட்டது என்பது எனக்கு வருத்தம்தான்.

நான் ‘கிறித்தவ ஒன்றிப்பு’ என்றே எழுதுவேன். ஒன்றுதல் என்ற வினை அதற்குள் இருக்கிறது. அது முடிந்துபோன நிலையைச் சொல்லாமல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. இணைப்பு வேறு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்களே, அது இணைப்பு. ஒன்றிப்புக்கு ஒரே நிர்வாகம் வேண்டுமென்பதில்லை. கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று ஆளுக்கொரு கயிற்றை இழுக்கும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் வந்துவிடும். யாரும் தன் கயிற்றைக் கைவிடுவதில்லை.

1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்துத் தந்த திருவிவிலியத்துக்குப் ‘பொது மொழிபெயர்ப்பு’ என்று பெயர். அந்தப் ‘பொது’வும் எக்குமெனிக்கலுக்கு நல்ல தமிழ்தான், நூலுக்கும் வழிபாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்புக்கான செப வாரம். அதற்கு நோட்டீஸ் அடிப்பவர்கள் ‘எக்குமெனிக்கல் பிரேயர்’ என்று போடாமல் ‘கிறித்தவ ஒன்றிப்புப் பொது வழிபாடு’ என்று போடலாம். கீழே சின்ன எழுத்தில் ‘ஐக்கிய ஜெபம்’ என்றும் சேர்த்துவிடுங்கள், மருமகளும் தனக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்வாள்.