காதர்பேட்டை பனியனும் கன்னாபோலிஸ் துண்டும்

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை சந்தை. ஏற்றுமதியில் மிஞ்சியது, தள்ளுபடியானது எல்லாம் அங்கே குவியும். ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட்டைச் சல்லிசாக வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடு மேய்ப்பவரைக் கொங்கு நாட்டில் எங்கும் பார்க்கலாம். உலகமயமாக்கல் பண்பாட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் திட்டமிடாமல்.

அந்த டி-ஷர்ட்டுக்கு முன்கதை உண்டு. எந்த நாடு எத்தனை துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் அளந்து வைத்த கோட்டா முறை 1974இல் வந்தது. தங்கள் மில் தொழிலாளிகளுக்காக அவர்கள் போட்ட வேலி அது. 1995இலிருந்து படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி 1 அன்று முழுதும் விழுந்தது. இடையில், 2001 டிசம்பரில், சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது.

வேலி விழுந்து முடியும்வரைகூடச் சிலர் தாங்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கன்னாபோலிஸ் என்ற ஊர் குளியல் துண்டுக்குப் பேர் போனது. 2003 ஜூலை 30 அன்று அங்கிருந்த மில் நிறுவனம் மூடப்பட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வேலை போனது.

இங்கேதான் சூட்சுமம். துண்டு விலை குறைந்ததால் கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு ஆளுக்குச் சில டாலர் மிச்சம். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நஷ்டமோ மொத்தமாக ஓர் ஊரின் தலையில் விழுகிறது. வேலை போனவர்கள் வேறு ஊருக்கு, வேறு தொழிலுக்கு நகர்ந்துவிடுவார்கள் என்று பொருளியல் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் வட்டாரம் வட்டாரமாகக் கணக்கெடுத்தபோது, பலர் நகரவே இல்லை என்று தெரிந்தது. வீடு, உறவு, வயது எல்லாம் இருக்கிறதே! சீன இறக்குமதியால் 1999 முதல் 2011 வரை அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் வேலைகள் போயின என்பது அவர்கள் மதிப்பீடு. அதிகம் அடிபட்ட வட்டாரங்களில் அதிபர் தேர்தல் வாக்குகள் குடியரசுக் கட்சிப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தன.

உலக அளவில் இதையே பிராங்கோ மிலனோவிச், கிறிஸ்டோஃப் லக்னர் என்ற பொருளியலாளர்கள் ஒரு வரைபடமாக்கினார்கள். உலக மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, 1988 முதல் 2008 வரை யார் வருமானம் எவ்வளவு கூடியது என்று பார்த்தால், கோடு யானை போல வருகிறது. நடுவில் உயர்ந்த முதுகு. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அப்புறம் ஒரு பள்ளம். பணக்கார நாடுகளின் சாதாரணத் தொழிலாளிகள் அங்கே, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே. கடைசியில் மேலே தூக்கிய தும்பிக்கை, உலகின் உச்சிப் பணக்காரர்கள்.

சரி, ஜெயித்த பக்கம் மட்டும் சமமாகப் பிரிந்ததா? திருப்பூரில் ஆர்டர் ஏற்றுமதியாளருக்கு வருகிறது. அங்கிருந்து ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுக்கு, அதாவது சிறு தையல் கூடத்துக்கு. கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரிடம். கூலி உயர்வு கேட்டால், வாங்குபவருக்கு வங்கதேசம் இருக்கிறது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பச் சுங்கவரியும் பல ஆண்டுகளாக இல்லை. விலைச்சீட்டில் ஏறாத செலவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே வயல் வைத்திருந்தவர்களின் விவசாயம் அழிந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் அதைக் கணக்கில் எடுத்தது.

ஆள் போதாமல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து தொழிலாளிகள் வந்தார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்கவேண்டி வந்தது. பனியனோடு அரசியலும் ரயிலேறுகிறது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதிக்கு, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டினார்கள். ஆனால் வரி போட்டால் வேலை திரும்பும் என்ற பேச்சு யானைக் கோட்டின் அந்தப் பள்ளத்தில் விளைந்தது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்கள் தேங்கின. கன்னாபோலிஸிலோ மில்லை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஆராய்ச்சிக்கூடங்கள் நிற்கின்றன.